எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ப்பது? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கான்ஃபரன்ஸ் கணக்கு

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. பாக்-12 என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பிலிருந்து அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென் என்ற இன்னொரு அமைப்புக்குப் போயின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற வேறோர் அமைப்புக்குப் போயின. லாஸ் ஏஞ்சலிஸின் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் போவதாக முந்தைய ஆண்டே அறிவித்துவிட்டன. கொலராடோ ஒரு வாரம் முன்னால் கிளம்பியிருந்தது. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் நாட்டின் மறுகரையில் இருக்கும் ஏசிசி என்ற அமைப்பில் இடம் வாங்கிக்கொண்டன. 1915-இல் தொடங்கிய ஓர் அமைப்பில் மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டுதான்.

அன்றிலிருந்து ரசிகர்களிடையே ஓயாத விவாதம்: இந்த இரண்டோடு யாரைச் சேர்க்கலாம், யாருக்கு அந்தத் தகுதி இருக்கிறது? பெரும்பாலும் "இவர்கள் நல்ல அணி, அவர்கள் சுமாரான அணி" என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. முடிவெடுப்பவர்கள் பார்ப்பது வேறு. ஆட்டத் திறமை அவர்களுடைய பட்டியலில் இருக்கிறது, ஆனால் முதலிடத்தில் இல்லை. அந்தப் பட்டியலில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால், யாரைச் சேர்த்தது சரி, யாரைச் சேர்த்தது தவறு என்று நாமே கணக்குப் போட்டுப் பேசலாம்.

கான்ஃபரன்ஸ் என்பது என்ன?

கல்லூரி விளையாட்டுக்கான விதிகளை வகுப்பது என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு. ஆனால் ஒரு பருவத்தில் யார் யாரோடு மோதுவது, பட்டத்தை எப்படித் தீர்மானிப்பது, தொலைக்காட்சிப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் கான்ஃபரன்ஸின் கையில். எட்டிலிருந்து பதினெட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் கூட்டு அது. பணம் கொழிப்பது அமெரிக்கக் கால்பந்தில், அதாவது ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தில். ஒரு பருவத்தில் வழக்கமாக 12 ஆட்டங்கள். அவற்றில் எட்டோ ஒன்பதோ சொந்தக் கான்ஃபரன்ஸ் அணிகளோடு. கூடைப்பந்து, வாலிபால், பேஸ்பால், சாஃப்ட்பால், டென்னிஸ், நீச்சல் போன்ற மற்ற விளையாட்டுகளும் பெரும்பாலும் அதே கான்ஃபரன்ஸில்தான் நடக்கும். இன்றைய சிக்கல்களில் பாதி இந்த ஏற்பாட்டிலிருந்து கிளைப்பவை.

1984 வரை கால்பந்து ஒளிபரப்பு உரிமை முழுவதையும் என்சிஏஏ தன் பிடியில் வைத்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், இது போட்டியை முடக்கும் செயல் என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு கான்ஃபரன்ஸ்களே உரிமையை விற்கத் தொடங்கின. பெரிய பெயர்களைக் கூட்டி வைத்திருப்பவருக்குப் பெரிய விலை கிடைத்தது. எஸ்இசி என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸ் 1992-இல் ஆர்கன்சாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆகி, பட்டத்துக்கென்று தனி இறுதியாட்டம் நடத்தியது. 1996-இல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் கலைந்தது. அதிலிருந்த நான்கு டெக்ஸஸ் பல்கலைக்கழகங்கள் பிக் எய்ட் என்ற கான்ஃபரன்ஸோடு இணைய, பிக் 12 பிறந்தது. பெயரில் இருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். இன்று பிக் டென்னில் 18 பேர், பிக் 12-இல் 16 பேர்.

முதல் கேள்வி: பங்கு கூடுமா, குறையுமா?

ஒரு கான்ஃபரன்ஸில் பத்து உறுப்பினர்கள், ஆண்டுக்கு 30 கோடி டாலர் ஒளிபரப்பு வருமானம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3 கோடி. பதினொன்றாவதாக வரும் பல்கலைக்கழகத்துக்காகத் தொலைக்காட்சி நிறுவனம் கூடுதலாக 2 கோடி தருகிறது. மொத்தம் 32 கோடி. பதினொன்றால் வகுத்தால் ஆளுக்கு 2.91 கோடி. வருமானம் கூடியும் பழைய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 9 லட்சம் டாலர் நஷ்டம். ஆகவே, புதியவர் எவ்வளவு கொண்டுவருகிறார் என்று மட்டும் கேட்டால் போதாது. இப்போதைய சராசரிப் பங்கைவிட அதிகமாகக் கொண்டுவருகிறாரா என்று கேட்க வேண்டும். பிக் டென், எஸ்இசி போன்ற இடங்களில் அந்தச் சராசரி மிக உயரத்தில் இருப்பதால்தான், அங்கே தகுதி பெறும் பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கின்றன.

ஒப்பந்தத்தின் உட்பிரிவுகள் இந்தக் கணக்கை மாற்றிவிடும். புதிய உறுப்பினர் வந்தால் அவருக்கும் முழுப் பங்கு தருவோம் என்று சில தொலைக்காட்சி ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். ஏசிசிக்கும் இஎஸ்பிஎன்னுக்கும் இடையில் அப்படி ஒரு பிரிவு இருந்தது. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் தொடக்க ஆண்டுகளில் 30 சதவீதப் பங்கு போதும் என்றன. டாலஸில் இருக்கும் எஸ்எம்யூ ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பங்கே வேண்டாம் என்றது. இஎஸ்பிஎன் மூன்று முழுப் பங்குகளைக் கொடுக்க, அவர்கள் விட்டுக்கொடுத்த தொகை பழைய உறுப்பினர்களுக்குப் போனது. கலிபோர்னியப் பல்கலைக்கழகங்கள் அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் நுழைந்ததன் ரகசியம் இதுதான். எஸ்எம்யூவுக்குக் கொடை தரும் செல்வந்தர்கள் இருந்தார்கள். பெரிய மேடையில் இடம் கிடைத்தால் போதும் என்று அது கணக்குப் போட்டது. ஓரிகனும் வாஷிங்டனும்கூடக் குறைந்த பங்குக்கு ஒப்புக்கொண்டுதான் பிக் டென்னில் சேர்ந்தன.

அடுத்தது நேரம். 2021 ஜூலையில் டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்குப் போவதாக அறிவித்தபோது, செத்துப்போகும் என்று எல்லாரும் நினைத்தது பிக் 12-ஐத்தான். அங்கே மிஞ்சியவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பாக்-12-க்கு அப்போது வாய்ப்பு இருந்தது. ஆகஸ்டில் விரிவாக்கம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. பிக் 12 உடனே பிஒய்யூ, சின்சினாட்டி, ஹூஸ்டன், யுசிஎஃப் நான்கையும் அழைத்துக்கொண்டு, 2022 அக்டோபரில் இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டோடும் ஆறாண்டுக்கு சுமார் 228 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.17 கோடி. பாக்-12 சந்தைக்கு வந்தபோது தொலைக்காட்சிகளின் நேரமும் பணமும் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. கடைசியில் கையில் இருந்தது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் திட்டம். சந்தாதாரர்கள் எத்தனை பேர் சேர்கிறார்களோ அதைப் பொறுத்துப் பணம் கூடும். அந்த நிச்சயமின்மையை ஏற்க உறுப்பினர்கள் தயாராக இல்லை. பாக்-12 சிதைந்ததற்கு அணிகளின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. கடைசிப் பருவத்தில்கூட வாஷிங்டன் தேசிய இறுதியாட்டம் வரை போனது.

ஊர் பெரிதா, கூட்டம் பெரிதா?

"பெரிய நகரத்தில் இருக்கிறது, அதனால் சேர்க்க வேண்டும்" என்ற வாதம் கேபிள் காலத்தது. பிக் டென் 2007-இல் சொந்தச் சேனல் தொடங்கியது. உறுப்பினர் இருக்கும் பகுதியில் அந்தச் சேனலுக்கு ஒவ்வொரு கேபிள் வீட்டிலிருந்தும் கூடுதல் கட்டணம் வாங்கலாம். ஆட்டத்தைப் பார்க்காத வீடும் கட்டியாக வேண்டும். 2014-இல் நியூ யார்க்கை ஒட்டிய ரட்கர்ஸும், வாஷிங்டன் டி.சி. பக்கத்திலிருக்கும் மேரிலாண்டும் பிக் டென்னுக்குள் வந்த பின்னணி அதுதான்.

இப்போது கேபிளை விடும் வீடுகள் பெருகிவிட்டதால், நிஜமாகவே எத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதற்குத்தான் விலை. அந்த வகையில் பாய்சி ஸ்டேட் நல்ல உதாரணம். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி பெரிய சந்தையே இல்லை. ஆனால் 1986 முதல் நீல நிற ஆடுகளம். 2007 ஃபியெஸ்டா பவுல் என்ற பருவ முடிவு ஆட்டத்தில் ஓக்லஹோமாவை 43-42 என்று கூடுதல் நேரத்தில் வீழ்த்திய ஆட்டம். 2024 பருவத்தில் தேசியப் பட்டத்துக்கான பன்னிரண்டு அணிப் பிளே ஆஃபில் மூன்றாம் தரவரிசை. நாடு முழுவதும் பெயர் தெரிந்த அணி. சான் டியகோ ஸ்டேட் நேர்மாறு. பெரிய நகரம், 2022-இல் திறந்த 35,000 இருக்கை மைதானம், 2023-இல் கூடைப்பந்து தேசிய இறுதியாட்டம். ஆனால் கால்பந்தில் அந்த அளவு தேசிய ஈர்ப்பு இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், இன்றைய சந்தையில் பாய்சிக்குத்தான் என் வாக்கு.

இங்கே பலரும் சறுக்கும் இடம், கடைசி இரண்டு பருவங்களின் வெற்றி-தோல்வியை வைத்து மதிப்பிடுவது. பயிற்சியாளர் வேறு இடம் போனால் அணி இரண்டே ஆண்டில் தலைகீழாகும். உறுப்பினர் பதவியோ பல பத்தாண்டுகளுக்கு. பத்துப் பதினைந்து ஆண்டு சராசரியைப் பார்க்க வேண்டும். கூடவே, தோற்கும் பருவத்திலும் மைதானம் நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு சறுக்கல், ஒரே சந்தையை இரண்டு தடவை எண்ணுவது. ஒரு மாநிலத்தின் பெரிய அணி ஏற்கெனவே உள்ளே இருந்தால், அதே மாநிலத்தின் இரண்டாவது அணி புதிதாகக் கொண்டுவரும் கண்கள் குறைவு.

எண்ணிக்கை

கால்பந்தின் உயர்மட்டப் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் கான்ஃபரன்ஸாக அங்கீகாரம் பெறக் குறைந்தது எட்டு முழு உறுப்பினர்கள் வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பாக்-12-க்கு அந்தக் கெடு 2026 ஜூலை 1.

எண்ணிக்கை கூடக் கூட அட்டவணை தளர்ந்துவிடும். எட்டு அணிகள் என்றால், எல்லாரும் எல்லாரோடும் மோத ஏழு ஆட்டம் போதும். பத்து அணிகளுக்கு ஒன்பது. பட்டம் யாருக்கு என்பதில் சர்ச்சைக்கு இடமே இருக்காது. பதினெட்டு அணி பிக் டென்னில் ஒன்பது ஆட்டம்தான் ஆட முடியும் என்பதால், பதினேழு எதிரணிகளில் எட்டைச் சந்திக்காமலேயே பருவம் முடிந்துவிடும். 2024-இல் இந்தியானா 11 வெற்றி, 1 தோல்வி என்று முடித்தது. அந்த ஆண்டு பிக் டென் இறுதியாட்டத்தில் மோதிய ஓரிகன், பென் ஸ்டேட் இரண்டோடும் அது ஆடவே இல்லை. இந்தியானா அணியை நான் குறை சொல்லவில்லை. கான்ஃபரன்ஸ் ஊதிப்போனதால் வந்த வினை இது.

வர விருப்பமா என்பதோடு, வர முடியுமா?

விவாதங்களில் மிகவும் விட்டுப்போகும் பகுதி இது. ஒரு பல்கலைக்கழகத்தை அது இருக்கும் இடத்தில் கட்டிவைக்கும் பூட்டுகள் இரண்டு. ஒன்று விலகல் கட்டணம். மேரிலாண்ட் ஏசிசியை விட்டபோது கேட்கப்பட்டது சுமார் 5.2 கோடி டாலர். வழக்காடி, 2014-இல் 3.14 கோடியில் சமரசமானது. மற்றொன்று உரிமை ஒப்படைப்பு. தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை உறுப்பினர் குறிப்பிட்ட ஆண்டு வரை கான்ஃபரன்ஸிடம் எழுதிக் கொடுத்துவிடுவார். விலகிப் போனாலும் அந்த உரிமை பழைய இடத்திலேயே இருக்கும். புதிய கான்ஃபரன்ஸுக்கு அவர் வெறுங்கையோடு போக வேண்டியிருக்கும். டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் ஓராண்டு முன்னதாக வெளியேற இருவருமாகச் சேர்ந்து 10 கோடி டாலர் கொடுத்தது இந்தப் பூட்டைத் திறப்பதற்குத்தான்.

பாக்-12 மறுபடி கட்டப்பட்ட கதையில் மூன்றாவதாக ஒரு பூட்டும் இருந்தது. தனித்து நின்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் 2024 பருவத்துக்கு எதிரணிகள் தேவைப்பட்டன. மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸோடு ஆட்ட ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. எங்கள் உறுப்பினரை இழுத்தால் அபராதம் என்று அதில் ஒரு பிரிவு. முதல் ஆளுக்கு 1 கோடி டாலர். அடுத்தடுத்த ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் கூடிக்கொண்டே போகும். 2024 செப்டம்பர் 12 அன்று பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியகோ ஸ்டேட் நான்கையும் பாக்-12 அழைத்தது. அதே மாதத்தில் யூட்டா ஸ்டேட்டும் சேர்ந்தது. ஐந்து பேருக்கு 1 கோடி, 1.05, 1.1, 1.15, 1.2 கோடி என்று கூட்டினால் 5.5 கோடி. விலகுபவர்கள் தனித்தனியே கட்ட வேண்டிய கட்டணம் இதில் சேராது. அந்த அபராதம் செல்லாது என்று பாக்-12 நீதிமன்றம் போனது. யுஎன்எல்வியையும் ஏர் ஃபோர்ஸையும் தக்கவைத்துக்கொள்ள மவுண்டன் வெஸ்ட் கையாண்ட வழியும் கவனிக்க வேண்டியது: வரவிருக்கும் அந்தக் கட்டணப் பணத்திலிருந்தே பங்கு தருவதாக உறுதியளித்தது.

பாக்-12 அடுத்துக் குறிவைத்தவை மெம்ஃபிஸ், டுலேன், சவுத் ஃபுளோரிடா, யுடிஎஸ்ஏ. விலகல் கட்டணம் பெரிது. பாக்-12-க்கு அப்போது ஒளிபரப்பு ஒப்பந்தமே கிடையாது. நான்கும் இருக்கும் இடமே மேல் என்று நின்றுவிட்டன. அவர்களைத் தகுதியற்றவர்கள் என்றோ கோழைகள் என்றோ திட்டுவதில் பொருளில்லை. கையெழுத்தாகாத ஒப்பந்தத்தை நம்பிக் கடன் வாங்கச் சொன்னால் எந்தத் துணைவேந்தரும் தயங்குவார்.

கன்ஸாகா 2024 அக்டோபரில் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் இருக்கும் பல்கலைக்கழகம். கூடைப்பந்தில் 2017, 2021 இரண்டு முறை தேசிய இறுதியாட்டம் கண்டது. அதற்குக் கால்பந்து அணியே கிடையாது. ஆகவே எட்டு என்ற கால்பந்துக் கணக்கில் அது சேராது. எட்டாவது இடம் காலியாகவே இருந்தது. 2025 ஜூன் 30 அன்று டெக்ஸஸ் ஸ்டேட் அதை நிரப்பியது. அந்தத் தேதி தற்செயலானது இல்லை. சன் பெல்ட் கான்ஃபரன்ஸை விட்டு விலக அதுவரை 50 லட்சம் டாலர். ஜூலை பிறந்துவிட்டால் 1 கோடி. ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவில் இருக்கும் பல்கலைக்கழகம் அது. கால்பந்தில் பெரிய பாரம்பரியம் இல்லை. ஆனாலும் வேகமாக வளரும் பகுதி, டெக்ஸஸில் வீரர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வாசல், கட்டக்கூடிய விலகல் தொகை, சரியான நாள். மெம்ஃபிஸ் மேலான அணிதான். கிடைக்கக்கூடியவர்களில் சிறந்தது டெக்ஸஸ் ஸ்டேட்.

தூரம்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ரட்கர்ஸ் இருக்கும் நியூ ஜெர்சிக்குச் சுமார் 3,900 கி.மீ.; மூன்று மணி நேர வித்தியாசம். கால்பந்து அணிக்கு இது பெரிய சுமை ஆகாது. வாரம் ஓர் ஆட்டம், தனி விமானம், பருவத்தில் கான்ஃபரன்ஸுக்காக நான்கைந்து வெளியூர்ப் பயணம். வாலிபால் அணி வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும். சாஃப்ட்பால், டென்னிஸ் அணிகளும் அடிக்கடி பயணம் போகும். ஞாயிறு இரவு கிழக்குக் கரையில் ஆடி முடித்துத் திரும்பும் மாணவி திங்கள் காலை ஆய்வக வகுப்பில் உட்கார வேண்டும். இந்த அணிகளில் பெரும்பாலானவை வருமானம் ஈட்டுவதில்லை. கால்பந்துக்காகப் போட்ட ஒப்பந்தத்தின் விலையைக் கொடுப்பவர்கள் இந்த மாணவர்கள். 2025 ஜூனில் உறுதியான ஹவுஸ் வழக்குச் சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் வீரர்களோடு ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிரலாம் என்றான பிறகு, சிறு விளையாட்டுகளின் பட்ஜெட் இன்னும் இறுகியிருக்கிறது.

என் தீர்மானமான கருத்து: கால்பந்தை மட்டும் தனிக் கூட்டாக்கிவிட்டு, மற்ற விளையாட்டுகளை அருகருகே இருக்கும் பல்கலைக்கழகங்களோடு ஆட விட வேண்டும். நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு உதாரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. நோட்டர் டேம் கால்பந்தில் சுயேச்சை, மற்றவற்றில் பெரும்பாலும் ஏசிசி. ஹவாய் பல ஆண்டுகள் கால்பந்துக்கு மவுண்டன் வெஸ்ட், மற்றவற்றுக்குப் பிக் வெஸ்ட் என்று இருந்தது. பாக்-12 சிதைந்த பிறகு ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் பல விளையாட்டுகளை இரண்டாண்டுக்கு வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடின. ஓரிகன் ஸ்டேட்டின் பேஸ்பால் அணி 2025-இல் எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லாமல் தனியாக அட்டவணை போட்டுக்கொண்டு, ஒமாஹாவில் நடக்கும் தேசிய இறுதிச் சுற்று வரை போனது.

வாக்கு யார் கையில்?

வாக்களிப்பவர்கள் பயிற்சியாளர்கள் கிடையாது, பல்கலைக்கழகத் தலைவர்கள். அதனால் ஆராய்ச்சித் தரத்துக்கும் மதிப்பு உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஏயூவில் உறுப்பினரா என்று பிக் டென் நீண்டகாலம் பார்த்துவந்தது. நெப்ராஸ்கா உள்ளே வந்த 2011-இல்தான் அந்த உறுப்பினர் தகுதியை இழந்தது. எத்தனை வாக்கு வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்ட் முதலிய மூன்றையும் சேர்க்க ஏசிசியில் பதினைந்தில் பன்னிரண்டு வாக்கு தேவைப்பட்டது. ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன், நார்த் கரோலினா மூன்றும் எதிர்த்தன. இன்னும் ஒன்று எதிர்த்திருந்தால் திட்டம் கவிழ்ந்திருக்கும்.

மாநில அரசியலும் உண்டு. 2003-இல் ஏசிசி விரிந்தபோது முதல் பட்டியலில் வர்ஜீனியா டெக் இல்லை, சிராக்யூஸ் இருந்தது. வர்ஜீனியா ஆளுநர் மார்க் வார்னர் தந்த அழுத்தத்தால் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வாக்கு வர்ஜீனியா டெக்கோடு பிணைக்கப்பட்டது. கடைசியில் உள்ளே வந்தது வர்ஜீனியா டெக். யுசிஎல்ஏ பிக் டென்னுக்குப் போனதால் தனித்துவிடப்பட்ட சகோதரப் பல்கலைக்கழகமான பெர்க்லிக்கு, யுசிஎல்ஏ ஆண்டுக்கு 1 கோடி டாலர் தர வேண்டும் என்று இரண்டுக்கும் பொதுவான ஆட்சிக் குழு முடிவு செய்தது. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அதே ஆட்சிக் குழுவின் கீழ் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் விடக் கூடாது.

பழைய வைரிகளின் மோதலும் இந்தக் கணக்கில் சேரும். பணமாக மாற்றிச் சொல்வது மட்டும் கடினம். டெக்ஸஸ் ஏ அண்ட் எம் 2012-இல் எஸ்இசிக்குப் போனதால் டெக்ஸஸோடு நடந்துவந்த ஆட்டம் நின்றது; இருவரும் ஒரே கான்ஃபரன்ஸுக்கு வந்த பிறகு, 2024 நவம்பர் 30 அன்றுதான் மறுபடி மோதினார்கள். ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆண்டுதோறும் ஆடிவந்த ஆட்டம் 2023-உடன் நின்றுபோனது. இத்தகைய ஆட்டத்தை இழக்கும் ஊரில் அந்த நாளின் ஹோட்டல் வியாபாரம் முதல் பழைய மாணவர்களின் நன்கொடை வரை எல்லாம் அடிவாங்கும்.

அடுத்த சுற்றுக்கான தேதிகள்

இனி யார் எங்கே போகலாம் என்று பேசுவதானால், பெயர்களுக்கு முன்னால் ஒப்பந்தம் முடியும் ஆண்டுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிக் டென்னின் ஒளிபரப்பு ஒப்பந்தம் 2029-30 பருவத்தோடு முடிகிறது. பிக் 12-க்கு அதற்கு அடுத்த பருவம். ஏசிசியின் இஎஸ்பிஎன் ஒப்பந்தம் 2036 வரை என்றாலும், ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் தொடுத்த வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசமானபோது, விலகல் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி 2030-31-இல் 7.5 கோடி டாலரில் நிற்கும் என்றும், விலகுபவர் தன் ஒளிபரப்பு உரிமையைத் தன்னோடு எடுத்துப் போகலாம் என்றும் ஆகிவிட்டது. ஆகவே கிளெம்சன் நாளைக்கே எஸ்இசிக்குப் போகும் என்று யாராவது சொன்னால், 2030-க்கு முன்பு அதற்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேளுங்கள். 2030-க்குப் பிறகு என்றால், அதே பேச்சை உட்கார்ந்து கேட்கலாம்; அப்போது கிளெம்சன் இருக்கும் சவுத் கரோலினா மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகம் ஏற்கெனவே எஸ்இசிக்குள் இருப்பதும் கணக்கில் வரும்.